அணைமேல் நடந்து போனவர்கள்

1

எங்கள் ஊர் ஆற்றில் அணை இல்லாமல் ஒரு வருடம் முடிந்துவிட்டது. எங்கள் ஊர் என்றதும் நெய்வேலியில் இதைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். நான் சொல்வது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு சின்ன டவுன். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். எப்போதிலிருந்து இதை ‘எங்கள் ஊர்’ என்று சொல்ல ஆரம்பித்தேன் என்று யோசித்தால், குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து இல்லை. அணை விஷயத்தில் வாயைத் திறந்த நாளிலிருந்துதான்.

நான் வேலை பார்ப்பது டவுன் ஆபீசில். நம் பேரூராட்சி அலுவலகம் மாதிரி. நாய்க்கு லைசென்ஸ், பிறப்பு இறப்புச் சான்றிதழ், குப்பை வண்டி மீது புகார், எல்லாம் என் கவுண்டருக்குத்தான் வரும். அறிவிப்புக் கடிதங்களை உறையில் போட்டு அனுப்புவதும் நான்தான்.

அணை ரொம்பப் பெரியதெல்லாம் இல்லை. இரண்டு ஆள் உயரம், கல் கட்டு. துணி மில்லுக்காகக் கட்டியது. மில் மூடிப் பல காலம் ஆகிவிட்டது, அணை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு குளம் போல் தண்ணீர் தேங்கியிருக்கும். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த தண்ணீர்மேல் சறுக்கு விளையாட்டு. டவுனின் முத்திரையில்கூட அந்த அணையின் படம்தான். கல் கட்டில் விரிசல் விட்டுவிட்டது, பழுது பார்க்க வேண்டும் அல்லது எடுத்துவிட வேண்டும் என்று என்ஜினீயர்கள் சொன்னார்கள். எடுத்துவிட்டால் கடலிலிருந்து மீன்கள் மறுபடி ஏறி வரும் என்றார்கள்.

இதை மந்தாரக்குப்பத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“கட்டுன அணைய எதுக்குடி இடிக்கிறானுங்க? தண்ணி கசக்குதாமா?”

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் தாரிணிக்கு அப்போது பதினாறு வயது. தன் பங்குக்குத் தமிழில், “ஆயா, அணையை அணைக்கப் போறாங்க,” என்றாள். அம்மா அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. கட்டிப்பிடிக்கவா, விளக்கு மாதிரி நிறுத்தவா என்று கேட்டார். தாரிணி முகம் சிவந்து எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் தமிழே பேசவில்லை. ஒரு சொல் தவறினால் முழுப் பேச்சையும் விட்டுவிடும் வயது அது. நானும் சிரித்திருக்கக் கூடாது.

2

குடியுரிமை நேர்காணலில் எனக்கு நடந்ததைச் சொன்னால்தான் மீதி புரியும்.

அதிகாரி என் பிறந்த ஊரின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். மேலக்கொல்லை. வரவில்லை. எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

“இந்த ஊர் எங்கே இருக்கிறது?”

“இப்போது இல்லை,” என்றேன்.

“நீங்கள் அங்கே இல்லையா?”

“நானும் அங்கே இல்லை, ஊரும் அங்கே இல்லை. ஊர் நிலக்கரிக்குப் போய்விட்டது.”

நிலக்கரி எடுக்க ஊரையே எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். என் ஆங்கிலத்தில் அது, ஊரே கிளம்பி நிலக்கரி வாங்கப் போனது போல ஆகிவிட்டது. பக்கத்தில் பெரிய ஊர் எது என்று கேட்டார். பிறகு ‘நெய்வேலி’ என்று தட்டினார். வந்தது. அதோடு முடிந்தது.

உண்மையில் நான் நெய்வேலிக்காரி என்று சொல்லிக்கொள்வது பாதிதான் சரி. டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. அப்பா மைன்ஸில் காண்டிராக்ட் தொழிலாளி. கடைசிவரை பர்மனென்ட் ஆகவில்லை. நேர்கோடு பிடித்த ரோடும், வரிசை மரமும், பிளாக் நம்பருமாக இருக்கும் டவுன்ஷிப்பை நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுதான் பார்ப்போம். பார்க்கப் பெருமையாக இருக்கும். அப்பா தோண்டிய பழுப்பு நிலக்கரியில்தான் இந்த விளக்கெல்லாம் எரிகிறது என்று கூடப்படித்தவர்களிடம் சொல்லுவேன்.

மேலக்கொல்லையில் எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அங்கே எங்கள் தெருவில் யாருக்குமே கிடையாது. அடுத்தவர் நிலத்தில் வேலை, முந்திரி சீசனில் காடாம்புலியூர்ப் பக்கம் கொட்டை உடைக்கிற வேலை. அம்மாவும் தெருப் பெண்களும் விடியும் முன்பே கிளம்பி, வயல்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை வழியாக மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் பிடிப்பார்கள். சுரங்கம் விரிந்தபோது முதலில் போனது அந்த வயல்கள். ஊர் அதற்கப்புறம் சில வருடம் கழித்துத்தான் போனது, நாங்கள் மந்தாரக்குப்பத்துக்கு வந்தோம்.

நிலம் எடுப்பதைப் பற்றிப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பட்டா வைத்திருந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பட்டா இல்லை, அதனால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றிருந்தேன். எல்லாம் முடிகிற நேரத்தில் அம்மா குரல் கொடுத்தார்.

“ஐயா, அந்த வயக்காட்டு நடுவுல ஒரு பாத போவுதுங்க. அதுல நாங்க தெனம் நடந்துகினு போறோம். அது யாரு பட்டாவுலயும் இல்ல. வயல எடுத்துக்குங்க, பாதைக்கு என்னாங்க பண்ணப் போறீங்க?”

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். மேஜையில் இருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை பேர் நடக்கிறீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார். சில மாதத்தில் எங்கள் தெரு முனையிலிருந்து ஒரு டவுன் பஸ் விட்டார்கள். அதற்கு ஊரில் பெயரே ‘சரோஜா பஸ்’. சரோஜா என் அம்மா.

பெரிய வெற்றி என்று இதைச் சொல்லவில்லை. ஊர் போகத்தான் போனது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு பஸ் வந்தது. அந்த பஸ்ஸில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

3

அணையைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் ஐந்து பேர். எல்லோரும் ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். அணையை என்ன செய்யலாம் என்று ஒரு பொதுக்கூட்டத்தில் கருத்துக் கேட்க வீடு வீடாகக் கடிதம் போகவேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலை என்னிடம் கொடுத்தார் எங்கள் நிர்வாகி டக்ளஸ். நல்ல மனிதர். எதையும் விதிப்படி செய்பவர். பட்டியலில் இருந்தது ஆற்றங்கரையில் சொத்து வைத்திருப்பவர்கள் மட்டும்.

கவுண்டருக்கு வந்தவர்கள் எல்லாம் அணையைப் பற்றியே பேசினார்கள். வால்டர் தினம் வந்தார். எண்பதைத் தாண்டியவர், அந்த மில்லில் வேலை பார்த்தவர், குளத்தை ஒட்டி வீடு. வீட்டிலிருந்து தண்ணீருக்கு இறங்கக் கல்படி தானே கட்டியிருக்கிறார். அணையை எடுக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

“நீ எந்தப் பக்கம்?”

“நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம்.”

சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. தாரிணி பள்ளியில் சுற்றுச்சூழல் குழுவின் செயலாளர். அணை போக வேண்டும், மீன் வர வேண்டும் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தாள். இந்த மண்ணின் பழங்குடியினர் அந்த மீனுக்காக எத்தனையோ தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். எனக்கு அது தெரியாது. இந்த ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயரைத்தான் தினமும் கடிதத் தலைப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரியாது.

அறிவிப்புத் தாளை அணையருகில் கம்பி வேலியில் ஒட்ட வேண்டும். அதற்காக ஒரு நாள் ஆபீசுக்குப் போகிற வழியில், காலை ஆறே முக்காலுக்கு அங்கே காரை நிறுத்தி அதை ஒட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். அணையின் மேல், மதகைத் திறந்து மூடுவதற்காகப் போட்டிருந்த இரும்புப் பலகைப் பாதையில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கையில் சாப்பாட்டுப் பை. யாரும் பேசவில்லை. ஷிப்ட்டுக்குப் போகிறவர்களின் நடை எனக்குத் தெரியும். மந்தாரக்குப்பத்து ரோட்டில் வாழ்நாளில் பாதி அதைத்தான் பார்த்திருக்கிறேன். வேலிக் கம்பி ஓரிடத்தில் வளைந்திருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் வெளியே வந்து, எதிரே மீன் பதனிடும் ஆலைக்குள் போனார்கள்.

ஒட்டின அறிவிப்பைத் திரும்பப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களில் ஒருவரும் நின்று படிக்கவில்லை.

4

டக்ளஸிடம் சொன்னேன், யார் என்று சொல்லாமல்.

“அங்கே யாரும் நடப்பதில்லை. ‘உள்ளே வராதே’ என்று போர்டு இருக்கிறது.”

“போர்டும் இருக்கிறது, நடக்கிறவர்களும் இருக்கிறார்கள்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “செல்வி, இதை நீ எழுதிக் கொடுத்தால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். தெரிந்தால் அன்றைக்கே நான் அதைப் பூட்ட வேண்டும். யாராவது விழுந்தால் டவுன்தான் பொறுப்பு. பூட்டட்டுமா?”

எழுதிக் கொடுக்காமலே என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெண்கள் வருவது அக்கரையில் இருக்கும் டிரெய்லர் பார்க்கிலிருந்து. சக்கரம் வைத்த தகர வீடுகள், அடியில் இருக்கும் மண் வேறு யாருக்கோ சொந்தம். பட்டியலில் இல்லாததற்குக் காரணம் அதுதான். ரோடு வழியாக ஆலைக்கு வர வேண்டுமானால் மூன்று மைல் சுற்று. கார் இல்லாதவர்கள். பெரும்பாலோர் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போகலாம் என்று முடிவு செய்தேன். ஸ்பானிஷ் தெரியாது. தாரிணி பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்தவள். தமிழ் வகுப்புக்கு அனுப்பியபோது அழுது அடம்பிடித்தவள் அந்த மொழியைத் தானாகக் கற்றாள். அந்த வருத்தம் எனக்கு உண்டு. இருந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டேன்.

“நீ அணைய காப்பாத்தப் பாக்குற,” என்றாள். கோபத்தில் தமிழ் தானாக வந்தது. “இதெல்லாம் கேட்டா ரெண்டு வருஷம் லேட் ஆகும். மீனுக்கு ஓட்டு இல்லம்மா.”

“அவங்களுக்கும் ஓட்டு இல்ல.”

“அது வேற.”

“எனக்கு அணை இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். போறதுக்கு முன்னால அதுமேல நடக்கிறவங்களைக் கேக்கணும். அவ்வளவுதான். நீ வந்தா வா.”

வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

முதல் மூன்று வீட்டில் கதவு திறக்கவில்லை. டவுன் ஆபீஸ் என்றாலே பயம், பலரிடம் இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் கிடையாது. நான்காவதில் எலேனா திறந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். ஆலையில் மீன் செதில் எடுக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அணையை எடுக்கப் போகிறார்கள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உட்காரச் சொல்லி, சோளமாவுக் கஞ்சி போல் ஒன்று சூடாகக் கொடுத்தாள். கேள்விகளைத் தாரிணி கேட்டாள். முதலில் நான் சொன்னதைக் கேட்டாள், பிறகு தானாகவே கேட்க ஆரம்பித்தாள். குழந்தைகள் எப்படிப் பள்ளிக்குப் போகிறார்கள், பனிக்காலத்தில் அந்த இரும்புப் பலகை வழுக்காதா?

எலேனா ஏதோ நீளமாகச் சொன்னாள்.

“என்னம்மா சொல்றா?”

“போன வருஷம் பனியில ஒருத்தி வழுக்கி, கம்பியைப் பிடிச்சுத் தொங்கினாளாம். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பூட்டிடுவாங்கன்னு. கைல பூட்ஸைக் கழட்டி வச்சுக்கிட்டு, காலுறையோட நடப்பாங்களாம், வழுக்காதாம்.” அவள் குரல் மாறியிருந்தது. “அம்மா, நான் அந்த அணைக்கிட்ட நின்னு எத்தனை தடவை போட்டோ எடுத்திருக்கேன். நான் இவங்களைப் பாக்கவே இல்ல.”

கிளம்பும்போது எலேனா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: இதை வெளியே சொல்வீர்களா?

“நான் சொல்ல மாட்டேன்,” என்றேன். “சொல்வதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். சொத்து இருக்க வேண்டியதில்லை, குடியுரிமை இருக்க வேண்டியதில்லை. முகவரிகூடச் சொல்ல வேண்டியதில்லை.” பிறகு என் அம்மாவின் கதையையும் சொன்னேன். தாரிணி அதை ஸ்பானிஷில் சொல்வதை அருகில் உட்கார்ந்து கேட்டேன். மேலக்கொல்லை என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. அவள் அதைச் சரியாக உச்சரித்தாள்.

5

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில். நிறைய பேர் வந்திருந்தார்கள். நான் வாசலில் மேஜை போட்டு, பேச விரும்புகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். வால்டர் பேசினார். தன் மனைவியை முதன்முதலில் அந்த உறைந்த குளத்தின் மேல்தான் பார்த்ததாகச் சொன்னார். அந்தத் தண்ணீர் போனால் அவள் நின்ற இடமே இருக்காது என்றார். பழங்குடி அமைப்பிலிருந்து வந்த ஒரு பெண், தன் முன்னோர்கள் மீன் பிடித்த அருவி அந்தக் குளத்துக்கு அடியில் கிடக்கிறது என்றார். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நிலத்தைப் பற்றிய சண்டை எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது.

பட்டியல் முடிகிற நேரத்தில் எலேனா வந்தாள். பின்னால் ஆலை உடுப்போடு ஒன்பது பெண்கள். என் முன்னால் நின்று, பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள். அவளுக்கு அதில் என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியும்.

அவள் பேசப் பேச, மைக்குக்குப் பக்கத்தில் நின்று தாரிணி ஆங்கிலத்தில் சொன்னாள். மேலே கோட்டைப் பொத்தான் போட்டு மூடியிருந்தாள். உள்ளே அந்த மீன் சட்டை. இன்னொருவர் குரலாகப் பேசும்போது தன் கட்சி வெளியே தெரியக் கூடாது என்று அவளாகவே நினைத்திருக்கிறாள். நான் சொல்லித் தரவில்லை.

“அணையை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை,” என்றாள் எலேனா, என் மகளின் குரலில். “அது விரிசல் விட்டிருப்பது எங்களுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். நாங்கள் தினமும் அதன்மேல் நடக்கிறோம். எங்களுக்கு வேண்டியது அக்கரைக்குப் போக ஒரு வழி.”

குழுத் தலைவி டக்ளஸைப் பார்த்து, நாளைக்கு இதைப் பூட்ட வேண்டுமா என்று கேட்டார். டக்ளஸ் எழுந்தார். விதிப்படி பூட்டத்தான் வேண்டும் என்றார். கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “ஆனால் டவுனிடம் முதியோரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேன் ஒன்று இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அது சும்மாதான் நிற்கிறது,” என்றார்.

மறுநாள் காலை அந்த வேன் டிரெய்லர் பார்க் வாசலில் போய் நின்றது.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. அணையை எடுப்பது, ஆனால் முதலில் நடைபாலம் கட்டிய பிறகுதான். குழுவில் ஓட்டு மூன்றுக்கு இரண்டு. தாரிணி சொன்னபடி இரண்டு வருடம் தாமதம் ஆனது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

முடிவு வந்த அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு பேரு என்னா?” என்றார். எலேனா என்றேன். “பாலத்துக்கு அவ பேரையா வைக்கப் போறாங்க?” இல்லை என்றேன். “பேரு என்னாத்துக்கு, ஜனங்களே கூப்புடும்,” என்றார்.

அப்படித்தான் ஆனது. முத்திரையில் புதுப் படம் என்ன போடுவது என்று குழு இன்னும் சண்டை போடுகிறது. பாலத்துக்கு மட்டும் ஊரே பெயர் வைத்துவிட்டது.

6

தாரிணி இப்போது வேறு மாநிலத்தில் கல்லூரியில் இருக்கிறாள். வாரம் ஒரு முறை பேசுவாள், பாதி வாரம் அதுவும் இல்லை. இந்த ஜூனில் விடுமுறைக்கு வந்தாள். மீன்கள் ஏறி வந்திருந்தன. கரை முழுக்க ஆட்கள், பழங்குடியினர் பாடினார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவள் அங்கேதான் இருப்பாள் என்று நினைத்தேன். ஜெயித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் அன்று பகல் முழுக்க அவளைக் காணவில்லை.

சாயங்காலம் வந்தாள். செருப்பெல்லாம் சேறு.

“எங்க போன?”

“வால்டர் வீட்டுக்கு.”

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வருடமாக நான் போகவில்லை. போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் கவுண்டருக்கு வருவதும் நின்றுபோயிருந்தது.

தாரிணி அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, ஆங்கிலத்துக்குத் தாவாமல், சொல் தேடித் தேடித் தமிழிலேயே சொன்னாள். அவருடைய கல்படி இப்போது புல்லில் போய் முடிகிறதாம். தண்ணீர் ரொம்பத் தள்ளி இருக்கிறதாம். குளமாக இருந்தவரை சத்தமே கிடையாது. இப்போது ஆறு ராத்திரி பகலாகச் சத்தம் போடுகிறது. கதவைச் சாத்தினாலும் கேட்கிறதாம். படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். சொல் தவறின இடத்தில் எல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை.

“திட்டினாரா?”

“இல்ல. டீ குடுத்தாரு.”

“அந்தச் சத்தம் அவருக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா? கேட்டியா?”

“கேட்டேம்மா,” என்றாள். “இன்னும் முடிவு பண்ணலையாம்.”